ஊட்டிக்குப் போங்கள்... சண்டை போடாமல்!

ஏப்ரல் பிறந்தால் நம் வீடுகளில் இரண்டு விஷயங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, வடாம் பிழிவது. இன்னொன்று, "இந்த வருஷமாவது எங்கயாவது போறோமா, இல்லையா?" என்ற கேள்வி. முதலாவது மொட்டை மாடியில் காயும். இரண்டாவதில் நாம் காய்வோம்.

எங்கள் வீட்டில் 2024-ல் அந்தக் கேள்வி தமிழ்ப் புத்தாண்டு அன்று மாங்காய்ப் பச்சடியோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது. நான் பி.காம். படித்தவன். சும்மா இருப்பேனா? உடனே பேப்பர், பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன். ஊட்டி. மூன்று நாள். பதினாலு இடங்கள். மொத்தச் செலவைப் பதினாலால் வகுத்தால், ஒரு இடத்துக்கு ஆகும் செலவு வெகு சொற்பம்! இடங்கள் கூடக் கூட, சராசரி செலவு குறைகிறது! காலேஜில் தூங்கிக்கொண்டே படித்த காஸ்ட் அக்கவுண்டன்சி கடைசியில் கைகொடுத்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

போனோம். கோயமுத்தூரில் வாடகைக் கார். மலைப்பாதை டிரைவர்களின் அகராதியில் 'இடம்' என்ற வார்த்தை கிடையாது, எல்லாமே 'பாயிண்ட்'தான். வியூ பாயிண்ட், போட்டோ பாயிண்ட், எக்கோ பாயிண்ட், ஷூட்டிங் பாயிண்ட்... "ஒரு பாயிண்டுக்கு இருபது நிமிஷம் ஸார். இல்லாட்டி கவர் பண்ண முடியாது!" நாங்களும் கவர் பண்ணினோம். பையன் இரண்டு முறை வாந்தி. மனைவி மூன்றாம் நாள் காலையிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அம்மாவுக்கு 67 வயது. முழங்கால் வலி. "நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் வண்டியிலேயே இருக்கேன்" என்று பதினாலில் பதினோரு இடங்களில் இறங்கவே இல்லை.

திரும்பி வந்ததும் எதிர் வீட்டு மாமி கேட்டார்: "ஊட்டி எப்படி இருந்துச்சு?"

அம்மா சொன்னாள்: "நிறைய காரு நின்னுச்சு."

அப்பாவின் நிழல்

அன்று ராத்திரி செல்போனை எடுத்துப் படங்களைப் பார்த்தேன். மொத்தம் 1,260. ஏரி, மலை, பூ, மேகம், நான் சாப்பிட்ட நூடுல்ஸ் எல்லாம் இருந்தது. அம்மா இருந்த படங்கள் ஒன்பது. அதில் மூன்றில் முதுகு. இரண்டில் காருக்குள் வாய் திறந்து தூக்கம். மிச்சம் நாலிலும் கூட்டத்தின் நடுவே பாதி முகம்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம் உண்டு.

1996 மே மாதம் அப்பா எங்களை ஊட்டிக்கு அழைத்துப்போனார். எனக்கு ஏழு வயது. ஆபீஸ் நண்பரிடம் இரவல் வாங்கிய காமிரா, 36 படம் எடுக்கும் ஒரே ஒரு ரோல். மாட்டும்போதே இரண்டு வீணாகிவிட்டது. மீதி 34-ஐ அவர் ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றுவது மாதிரி அளந்து அளந்துதான் செலவழித்தார். அந்த 34 பிரிண்ட்டும் இன்னும் பீரோவில் இருக்கிறது. அம்மா இருக்கிறாள், அக்கா இருக்கிறாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நான் இருக்கிறேன். அப்பா ஒன்றில்கூட இல்லை. காமிரா அவர் கையில் அல்லவா இருந்தது!

தாவரவியல் பூங்காவில் எடுத்த படத்தில் மட்டும் அவருடைய நிழல் விழுந்திருக்கிறது. 'வெயில் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்' என்பது அந்தக் கால போட்டோ பாலபாடம். அதனால் புல்தரையில், எங்கள் காலடிவரை நீண்டு, இரண்டு முழங்கையும் மடங்கி, காது வைத்த அண்டா மாதிரி ஒரு நிழல். அதுதான் அப்பா.

2017-ல் அவர் போன அன்று மத்தியானம் யாரோ வந்து, "போட்டோ ஒண்ணு குடுங்க தம்பி, பெரிசு பண்ணணும்" என்றார்கள். வீட்டையே புரட்டினோம். கிடைத்தது ஆபீஸ் அடையாள அட்டையில் ஒட்டியிருந்த ஸ்டாம்ப் சைஸ் படம். பெரிதாக்கிக் கொடுத்தவர் காலர் மேல் விழுந்திருந்த முத்திரையை அழிக்கப்போய், காலரையே அழித்துவிட்டார். லேட்டாக வந்ததற்கு மேனேஜரிடம் விளக்கம் சொல்லப்போகிற மாதிரி ஒரு முகத்தோடு, காலர் இல்லாத சட்டையில், எங்கள் ஹாலில் இன்றைக்கும் அப்பா மாலையோடு இருக்கிறார். அவர் அப்படிப்பட்ட முகமே இல்லை ஸார். எப்போதும் சிரிக்கிற ஆள்.

அதனால்தான் 2025-ல் மறுபடி அதே ஊட்டிக்குப் போவது என்று முடிவு செய்தேன். இந்தத் தடவை கணக்கை மாற்றிப் போட்டு.

ஆளுக்கு ஒரே ஒரு ஆசை

முதல் மாற்றம், கேள்வி ஏப்ரலில் வரக்கூடாது. பிப்ரவரியிலேயே நாமே முந்திக்கொண்டு கேட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரையும் உட்காரவைத்தேன். "ஊட்டி போறோம். ஆளுக்கு ஒரே ஒரு ஆசை சொல்லலாம். அது கட்டாயம் நடக்கும்."

பெண்ணுக்கு எட்டு வயது. "குதிரை சவாரி!" பையனுக்கு ஐந்து. "சாக்லெட்!" மனைவி யோசிக்கவே இல்லை. "காலைல எட்டு மணி வரைக்கும் என்னை யாரும் எழுப்பக்கூடாது." எனக்கு, தேயிலைத் தோட்டத்தில் பனிமூட்டம், ஒரே ஒரு நல்ல படம்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் குட்டி ரயில்ல போகணும்டா. அன்னிக்கு டிக்கெட் கிடைக்கலைன்னு உங்கப்பா பஸ்ல கூட்டிட்டுப் போனார்" என்றாள்.

இருபத்தொன்பது வருஷ ஆசை! பதினாலு பாயிண்ட் சுற்றியபோது இது ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால்தானே தெரியும்? மொத்தம் ஐந்து ஆசைகள். அவ்வளவுதான் டூர். மிச்சம் எல்லாம் டிரைவர் போட்ட லிஸ்ட்.

லீவ் லெட்டரும் இ-பாஸும்

எனக்கு லீவ் பிரச்னை கிடையாது. பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு எல்லா நாளும் லீவ்தான் என்பது என் மனைவியின் அபிப்ராயம். அவளுக்குத்தான் ஆபீஸ். 'ஃபேமிலி ஃபங்ஷன்' என்று பொய் எழுதாமல், இரண்டு மாதம் முன்பே உண்மையைச் சொல்லி லீவ் கேட்டாள். மேனேஜரே அதிர்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். இதை ஆபீஸ் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்: முந்தின வாரம் கேட்டால் அது லீவ், இரண்டு மாதம் முன்பு கேட்டால் அது திட்டமிடல்.

தேதியை வெகு ஜாக்கிரதையாகப் பார்த்தோம். மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூரில் பழக் கண்காட்சி. பூவைவிட மனிதத் தலைகள் அதிகம். நாங்கள் ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய் முதல் சனி வரை என்று வைத்துக்கொண்டோம். வார நாளில் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. கூட்டம் மலை ஏறுகிற சனிக்கிழமை நாம் இறங்கிக்கொண்டிருப்போம்!

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தெரிந்திருக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. 2025 கோடையில் ஒரு படி மேலே போய், ஊட்டிப் பக்கம் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று எண்ணிக்கைக்கே எல்லை வைத்தார்கள். நீங்கள் போகும் வருஷம் என்ன விதி என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலிலோ அரசு பஸ்ஸிலோ போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அம்மாவின் ஆசையே எங்களுக்கு வழி காட்டிவிட்டது.

ரயில் டிக்கெட் முன்பதிவு முன்பெல்லாம் 120 நாள். 2024 நவம்பர் முதல் 60 நாள்தான். அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு லேப்டாப் முன்னால் மனைவி, செல்போனோடு நான். சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வரை ஒரு டிக்கெட். அங்கிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயிலில் இன்னொன்று. இரண்டும் கிடைத்தன. மலை ரயிலில் இடம் குறைவு. அங்கே ஒரு நிமிஷத் தாமதம் என்பது ஒரு வருஷத் தாமதம்!

குன்னூரில் கூடாரம்

எல்லாரும் ஊட்டியில் தங்குவார்கள். நாங்கள் குன்னூரில் தங்கினோம். அங்கிருந்து ஒரு பக்கம் ஊட்டி, இன்னொரு பக்கம் கோத்தகிரி; இரண்டும் சுமார் 20 கிலோமீட்டர்தான். தினம் ஒரு ஊரில் மூட்டை கட்டி, தினம் ஒரு ஊரில் மூட்டை பிரிக்கிற வேலையே இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி சூடு குறையும் என்று பூகோளத்தில் படித்திருப்பீர்கள். ஊட்டி 2,200 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850. ராத்திரிக் குளிர் கொஞ்சம் மட்டு. முழங்கால்காரர்களுக்கு அதுவே பெரிய உபகாரம்.

ரூம் பேசும்போது 'வியூ இருக்கா?' என்று மட்டும் கேட்காதீர்கள். நான் போனிலேயே நாலு கேள்வி கேட்டேன். ரூம் தரைத் தளமா? வெஸ்டர்ன் டாய்லெட்டா? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? வண்டி வாசல் வரை வருமா? வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இந்த நாலுதான் வியூ. மாடி ரூமிலிருந்து அற்புதமான பள்ளத்தாக்கு தெரியும்தான். அதைப் பார்க்க அம்மா முப்பது படி ஏற வேண்டும்.

குகைக்குள் கூச்சல்

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் அந்த நீலப் பெட்டிகளைப் பார்த்ததும் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். முழங்கால் வலி எங்கே போனதோ!

இந்த ரயில் ஒரு தனி ரகம். 1899-ல் குன்னூர் வரை வந்தது. ஊட்டியைத் தொட 1908 ஆயிற்று. 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. கல்லாறு தாண்டியதும் ஏற்றம் பன்னிரண்டு அடிக்கு ஓரடி. சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஒன்று ஓடுகிறது. என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கவ்வி ஏறுகிறது. என்ஜின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது! ஊட்டி வரை ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம். மெதுவாகப் போவதற்காகவே காசு கொடுத்து ஏறும் ரயில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு குகைக்குள் நுழையும்போதும் பெட்டியே 'ஓ' என்று கூச்சல் போட்டது. முதல் குகையில் குழந்தைகள் கத்தினார்கள். இரண்டாவதில் மனைவி. மூன்றாவது குகையின் இருட்டில் எனக்குப் பக்கத்திலேயே புதுசாக ஒரு குரல். அம்மா! வெளிச்சம் வந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தாள். செல்போன் கையில் தயாராக இருந்தது. எடுத்துவிட்டேன்.

பத்தரை மணி வாக்கில் குன்னூர். மலை ரயில் இன்னும் மேலே அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று போகும். 'மூன்றாம் பிறை' (1982) படத்தின் கடைசிக் காட்சியை எடுத்த ஸ்டேஷன் கேத்திதான். "பார்க்க வேணாமா?" என்றேன். "அந்தப் படத்தைப் பார்த்து ஒரு தடவை அழுதது போதும்" என்றாள் அம்மா. இறங்கிவிட்டோம்.

சாயந்திரம் ரூமில் படங்களைக் காட்டினேன். குகைப் படத்தை அம்மா கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "மாலை போடறதுக்கு இது போதும்டா. நல்லா வந்திருக்கு."

"அத்தை! என்ன பேச்சு இது?" என்று மனைவி சத்தம் போட்டாள். அம்மா சிரித்தாள். நான் எதுவும் சொல்லவில்லை.

வெளிச்சத்துக்கு ஆபீஸ் நேரம் உண்டு

டூரில் போட்டோ பைத்தியங்களால் வரும் சண்டைக்கு ஒரு சுலபமான தீர்வு இருக்கிறது. நல்ல வெளிச்சம் வேலை பார்ப்பது இரண்டே ஷிஃப்ட். காலையில் சூரியன் உதித்து இரண்டு மணி நேரம். மாலையில் மறைவதற்கு முன் ஒன்றரை, இரண்டு மணி நேரம். ஏப்ரல் கடைசியில் அங்கே ஆறு மணி சுமாருக்கு விடியும். மனைவி எழுந்திருக்க எட்டு மணி! எனக்கு இரண்டு மணி நேரம் சுதந்திரம். அவளுக்கு இரண்டு மணி நேரம் நிம்மதி. இருவர் ஆசையும் ஒரே நேரத்தில் நிறைவேறுகிறது. இதை அல்லவா கல்யாண மந்திரத்தில் சேர்க்க வேண்டும்?

பகல் பதினொன்று முதல் மூன்று வரை நேர் வெயில். முகத்தில் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் தெரியும். அந்த நேரத்தில் எடுத்தே ஆகவேண்டுமானால் மர நிழலில் நிறுத்துங்கள். மத்தியானத்துக்கு மேல் கோடை மழை வந்தாலும் வரும். அப்போது காமிராவை மூடிவிட்டு பஜ்ஜிக்குப் போவது உத்தமம்.

முதல் நாள் காலை பனிமூட்டமே இல்லை. இரண்டாம் நாள் என் கண்ணாடியில் மட்டும் மூட்டம். மூன்றாம் நாள் பெண்ணும், "நானும் வரேம்ப்பா" என்று கிளம்பிவிட்டாள். திருப்பம் தாண்டியதும் தேயிலைச் சரிவு முழுக்க வெள்ளை. நடுவே சில்வர் ஓக் மரங்கள் மட்டும் பென்சில் கோடு மாதிரி. நான் குறிபார்க்கிறேன், பெண் சட்டையை இழுக்கிறாள். "இருடா செல்லம்." மறுபடி இழுக்கிறாள். "அப்பா... மாடு!"

மாடு இல்லை. காட்டெருமை. பனிக்குள்ளிருந்து ஒரு கறுப்பு மலை மாதிரி நின்றது. அந்தப் பக்கத்து எஸ்டேட்களில் இவை சர்வ சாதாரணமாக உலவும். சாதுவாகத் தெரியும், கிட்டே போனால் தெரியும் சேதி. செல்ஃபி எடுக்கப் போகவே போகாதீர்கள். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் பின்னாலேயே நடந்து, முனை டீக்கடை வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். பனிப்படம்? டீக்கடை வாசலிலிருந்து எடுத்தேன். நன்றாகவே வந்திருக்கிறது.

இன்னும் இரண்டு வார்த்தை. தேயிலை பறிக்கும் அம்மாக்களை 'இப்படித் திரும்புங்க, கூடையைத் தூக்குங்க' என்று நிறுத்தி வைக்காதீர்கள். இலையை எடை போட்டுக் கணக்குப் பார்க்கிற வேலை அது. உங்கள் லைக்குக்கு அவர்கள் ஏன் கிலோ குறைய வேண்டும்? தோடர் மந்துக்குப் போனாலும் அப்படியே. அரைப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி அழகான குடிசைதான். ஆனால் அது கோயிலாகவோ ஒருவர் வீடாகவோ இருக்கும். கேட்டுவிட்டு எடுங்கள். 'வேண்டாம்' என்றால் ஒரு வணக்கத்தோடு வந்துவிடுங்கள்.

'ஒரே பாயிண்டா ஸார்?'

புதன்கிழமையை வேண்டுமென்றே காலியாக விட்டோம். சாயந்திரம் மட்டும் சிம்ஸ் பார்க். 1874-லிருந்து இருக்கிற பூங்கா. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, எந்த மரத்தை எந்த நாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று போர்டைப் பேரனை விட்டுப் படிக்கச் சொன்னாள். அவன் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

வியாழன் கோத்தகிரி. உள்ளூர் வாடகைக் கார்தான். அந்த ஊர் நம்பர் வண்டி என்பதால் இ-பாஸ் தொல்லை இல்லை. கொடநாடு காட்சிமுனைக்கு மட்டும் போனால் போதும் என்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். "ஒரே பாயிண்டா ஸார்?" குரலில் அப்படி ஒரு பரிதாபம், எங்களுக்குப் பணக் கஷ்டம் என்று நினைத்துவிட்டார்.

கோத்தகிரியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடா கிராமம் ஒரு பச்சைக் கைக்குட்டை மாதிரி. மணி பதினொன்று. புகைமூட்டமான வெளிச்சம், படத்துக்கு லாயக்கில்லை. காமிராவைப் பையில் போட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தோம். 2024-ல் மூன்று நாளிலும் சேர்த்து நாங்கள் அப்படி உட்கார்ந்ததில்லை. திரும்பும் வழியில் கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய பங்களாவைப் பார்த்தோம். கோவை கலெக்டராக இருந்தவர். ஊட்டி ஏரி இயற்கை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதை உண்டாக்கியதே அவர்தானாம். இது போனஸ். ஒரு நாளைக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது இடம் போனஸாகத் தெரியும். ஐந்து இடம் என்று வைத்துக்கொண்டால், நாலு பார்த்தாலும் நஷ்டமாகத் தெரியும். கணக்கு ஒன்றுதான் ஸார், நெடுவரிசைதான் வேறு.

பி.காம். கணக்கு

எண்ணிக்கை பிரியர்களுக்காக: நூறு ரூபாய் என்றால், போக்குவரத்துக்கு 30, ரூமுக்கு 35, சாப்பாட்டுக்கு 20, நுழைவுச் சீட்டுக்கு 5, 'எதிர்பாராத' வகைக்கு 10 என்று பிரித்தேன். கடைசிப் பத்தைத் தொடக்கூடாது என்று சபதம். வர்க்கி, நீலகிரித் தைலம், வீட்டில் செய்த சாக்லெட் மூன்றும் சேர்ந்து அந்தப் பத்தை விழுங்கிவிட்டன. வீட்டிலிருந்தே தண்ணீர் பாட்டிலை எவர்சில்வரில் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை. வளைவுகளில் வயிற்றைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு எலுமிச்சம்பழம், காலையில் பாதி வயிறு இட்லி. செல்போனில் உள்ள 'குட்மார்னிங்' படங்களைக் கிளம்பும் முன்பே அழித்து இடம் பண்ணிக்கொள்ளுங்கள். லென்ஸை வேட்டி நுனியாலாவது துடைத்துவிட்டு எடுங்கள். மலை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஆளை அரிசி சைஸுக்கு ஆக்காதீர்கள். மலை அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.

செலவு 2024-ல் ஆன அளவுதான் ஆயிற்று. ஒரு இடத்துக்கு ஆன செலவு மட்டும் மூன்று மடங்கு! சண்டைகள் மொத்தம் இரண்டு. 2024-ல் எத்தனை என்று எண்ணவில்லை.

பட்டியலில் இல்லாத படம்

வெள்ளிக்கிழமை ஊட்டி. அன்று ஒரு நாள் மட்டும் மனைவியின் தூக்கத்தில் ஒரு மணி நேரம் கடன் வாங்கினேன் (சனிக்கிழமை ஒன்பது மணி வரை தூங்கவிட்டு வட்டியோடு அடைத்தாயிற்று). எட்டரை மணிக்கெல்லாம் தாவரவியல் பூங்காவுக்குள் இருந்தோம். 1848-ல் போட்ட தோட்டம், 22 ஹெக்டேர். இரண்டு கோடி வருஷத்து மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. பையன் அதன் வயதைக் கேட்டுவிட்டு, "பாட்டியை விடப் பெரிசா?" என்றான். 'கொஞ்சம்' என்றேன்.

1996 படத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். எங்களுக்குப் பின்னால் கிளை விரித்து ஒரு மரம். அது எது என்று நானும் மனைவியும் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடிக்கொண்டிருந்தோம். அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச தூரம் நடந்து, ஒரு இடத்தில் நின்று, "இங்கதான்" என்றாள். "உங்கப்பா அங்க நின்னார். 'தள்ளி நில்லு, தள்ளி நில்லு'ன்னு அரை மணி நேரம் உயிரை எடுத்தார்."

அம்மாவை, குழந்தைகளை நிறுத்தி எடுத்தேன். அவ்வழியே போன ஒரு கல்லூரிப் பையனைக் கூப்பிட்டு எல்லாரும் இருக்கிற மாதிரி நாலு எடுத்துக்கொண்டோம். இது இந்தத் தடவை சட்டம்: வந்தவர் எல்லாரும் தினம் ஒரு படத்திலாவது இருந்தாக வேண்டும், எடுக்கிறவன் உள்பட.

கிளம்பும்போது அம்மா கையை நீட்டினாள். "அதைக் குடு. நீ போய் அங்க நில்லு."

"உனக்கு எடுக்கத் தெரியாதேம்மா?"

"எந்தப் பட்டன்னு மட்டும் சொல்லு."

வெள்ளை வட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போய் நின்றேன். அம்மா செல்போனை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை மடக்கி, "தள்ளி நில்லு... இன்னும் கொஞ்சம் தள்ளி..." என்றாள். வெகு நேரம் ஆயிற்று. குழந்தைகள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வழியாக அமுக்கினாள்.

அந்தப் படத்தில் என் தலை பாதிதான் இருக்கிறது. வலது மூலையில் அம்மாவின் கட்டைவிரல், பலாச்சுளை சைஸுக்கு. "அத்தை, இன்னொண்ணு எடுத்துடலாம்" என்றாள் மனைவி.

வேண்டாம் என்றுவிட்டேன். ஐந்து நாளில் எடுத்தது 410 படங்கள். தினம் ராத்திரி பத்து நிமிஷம் உட்கார்ந்து அழித்ததில் மிஞ்சியது 60. ஊருக்கு வந்ததும் அதில் 24-ஐப் பேப்பரில் பிரிண்ட் போட்டு, ஆல்பத்தில் ஒட்டி அம்மாவிடம் கொடுத்தோம். எதிர் வீட்டு மாமி வந்தபோது அம்மா முதலில் எடுத்துக் காட்டியது கட்டைவிரல் படத்தைத்தான்.

"இது நான் எடுத்தது" என்றாள்.